எழுவாய் இல்லாத வாக்கியங்கள்: ‘சமைத்துப் பார்’ ஒரு வாசிப்பு

புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் கொலு தொடங்கினால், அடுத்த அமாவாசையை ஒட்டி தீபாவளி வந்துவிடும். நடுவில் சரியாக ஒரு சந்திர மாதம். முதல் ஒன்பது நாள் சுண்டல், கடைசி ஒரு வாரம் பட்சணம். இந்த ஒரு மாதத்தில் தென்சென்னை வீடுகளில் அலமாரியிலிருந்து கீழே இறங்கும் தமிழ்ப் புத்தகம் எது என்று கேட்டால், நான் எந்த நாவலையும் சொல்ல மாட்டேன். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ என்பேன்.

1951-இல் அதன் முதல் பாகம் வந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் மீனாட்சி அம்மாள். உறவுக்காரர்கள் அவரிடம் செய்முறை கேட்பது வழக்கம். இதையெல்லாம் புத்தகமாகவே போடு என்று ஊக்கியவர் உறவினரும் வழக்கறிஞருமான கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர். இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பாட்டி, நெய் வாசனை, எண்ணெய்க் கறை படிந்த பக்கம் என்று நெகிழ்ந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதை உரைநடையாக வாசிக்க ஆசை. ஏனென்றால் அந்த வாக்கியங்கள் எதைச் சொல்கின்றன என்பதைப் போலவே, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதும் முக்கியம்.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். தமிழில் ‘பார்’ என்பது துணைவினையாக வரும்போது கண்ணால் காண்பது அல்ல, முயல்வது. ‘கேட்டுப் பார்’, ‘எழுதிப் பார்’ என்பதுபோல. ஆங்கிலத்தில் போனபோது இது ‘குக் அண்ட் சீ’ ஆனது. சமை, பிறகு பார் என்று இரண்டு தனி வேலை. தமிழ்த் தலைப்பில் உள்ள ‘வராதுன்னு நெனைக்காதே, செஞ்சுதான் பாரேன்’ என்ற தைரியம் அதில் இல்லை. ஆனால் அந்த மொழிபெயர்ப்பை முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியவில்லை. இந்தப் புத்தகம் உண்மையிலேயே ‘பார்க்க’ச் சொல்கிற புத்தகம்தான். பாகைப் பார், நிறத்தைப் பார், ஓரத்தில் நெய் பிரிகிறதா பார். இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் வைத்திருப்பது தமிழுக்குக் கிடைத்த வசதி.

என்னைப் போல சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்கள் இந்தப் புத்தகத்தைப் புகழ்வது அதன் துல்லியத்துக்காக. அளவு, வரிசை எல்லாம் ஒரு நிரல் மாதிரி இருக்கிறது என்பார்கள். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். ஆழாக்கு, பலம், ரூபாய் எடை என்ற அந்தக் கால அளவுகளில் எழுதப்பட்ட புத்தகம் அது. ரூபாய் எடை என்றால் ஒரு தோலா, பழைய வெள்ளி ரூபாய் நாணயத்தின் எடை, ஏறக்குறைய 11.66 கிராம். புத்தகம் வந்த ஐந்தாவது வருடம், 1956-இல், மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்தது. 1957-இல் அணாவும் போய் நயா பைசா வந்தது. ஒரு தலைமுறைக்குள் அந்த அளவுகள் அகராதிச் சொற்கள் ஆகிவிட்டன. ஆனாலும் புத்தகம் சாகவில்லை. தேங்குழலுக்கு அரிசி மாவும் உளுத்த மாவும் நாலுக்கு ஒன்று என்றால் அது ஆழாக்கிலும் நாலுக்கு ஒன்று, டம்ளரிலும் நாலுக்கு ஒன்று. அலகு மாறும், விகிதம் மாறாது.

ஆனால் விகிதம் பாதி வழிக்குத்தான் கூட வரும். மீதிக்குத் தமிழ்ச் சமையலறையில் ஒரு சொல் இருக்கிறது: பதம். கம்பிப் பதம், தக்காளிப் பதம், உருட்டுப் பதம். சர்க்கரைப் பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிறது. தண்ணீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறுகிறது. விரல் நடுவே ஒற்றைக் கம்பி இழுபடும்போது ஏறக்குறைய 105 டிகிரி. தண்ணீரில் விட்டால் இளகலாக உருண்டு வரும்போது 113, 115. தெர்மாமீட்டர் இதை எண்ணாகச் சொல்கிறது. நம் வீட்டுப் பெண்கள் விரலாலும் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீராலும் அளந்தார்கள். ‘பதம்’ என்றால் சொல் என்றும் பொருள். உணவு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கும் மொழியின் அடிப்படைத் துண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதை நான் தற்செயல் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிவதுதான் இரண்டிலும் கஷ்டமான வேலை.

அதிலும் சென்னையில் ஐப்பசி என்றால் அடைமழை. காற்றில் ஈரம் ஏறியிருக்கும் வாரத்தில், ஈரத்தை இழுக்கிற சர்க்கரையையும் வெல்லத்தையும் வைத்துக்கொண்டு, இடித்துச் சலித்த ஈர மாவில் அதிரசம் செய்கிறோம். எந்தப் புத்தகமும் அன்றைய ஈரப்பதத்தை முன்கூட்டி எழுத முடியாது. அம்மாவிடம் ஃபோனில் கேட்டால் ‘அதெல்லாம் கை சொல்லும்டா’ என்பார். மீனாட்சி அம்மாளின் சாதனை அந்தக் கை சொல்வதைக் கூடியமட்டும் எழுத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு மேல் முடியாது என்ற இடத்தில் பதத்தின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொண்டது அதைவிடப் பெரிய சாதனை. இன்றைய ரீல்ஸில் நடப்பது இதற்கு நேர் எதிர். பாகு அடுப்பில் ஏறும், ஒரு வெட்டு, அடுத்த நொடி பதம் வந்துவிட்டிருக்கும். நாம் கற்க வேண்டியிருந்த அந்தப் பத்து நிமிடம்தான் வெட்டுப்பட்டுப் போகிறது.

இனி என் மனத்தாங்கல். சமையல் குறிப்பின் தமிழ் வினையெச்சங்களால் ஆனது. நானே ஒன்று எழுதுகிறேன்: கடலை மாவைச் சலித்து, நெய்யில் வறுத்து, பாகில் தூவி, கைவிடாமல் கிளறவும். ‘செய்து’ என்ற வாய்பாட்டில் வரும் இந்த எச்சங்களுக்கு இலக்கணப்படி எழுவாய் ஒன்றே. சலித்தவரும் வறுத்தவரும் கிளறுகிறவரும் ஒரே ஆள். ஆனால் மைசூர்பாகு கிளறியவர்களுக்குத் தெரியும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கிளற, இன்னொருவர் காய்ந்த நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும். அந்தச் சூட்டில் மாவின் ஈரம் ஆவியாகிப் பொங்குவதால்தான் உள்ளே துளைத்துளையாக வருகிறது. அந்த இரண்டாவது ஆளுக்கு வாக்கியத்தில் இடமே இல்லை. அது நாத்தனாராக இருக்கலாம், வேலைக்கு வந்த பெண்ணாக இருக்கலாம், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளாக இருக்கலாம். ‘வீட்டுச் சாப்பாட்டின் ஆறுதல்’ என்று நாம் எழுதும்போதெல்லாம், ஆறுதல் சாப்பிடுகிறவருக்கு மட்டும்தான் என்பதை இந்த இலக்கணம் மறைத்துவிடுகிறது.

இன்னொரு மறைவு சாதி. இது தமிழ் பிராமணக் குடும்பம் ஒன்றின் சமையல். அதை எழுதியது அவர் தவறல்ல, தெரிந்ததை எழுதினார். அதை ‘சென்னைப் பண்டிகைச் சமையல்’ என்று ஆக்கியது வாசகர்களாகிய நாம். மாட வீதியிலிருந்து கிழக்கே நடந்தால் சில நிமிடங்களில் சாந்தோம், நொச்சிக்குப்பம், கடல். தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகளில் தீபாவளிக் காலை என்பது எண்ணெய்க் குளியல், இட்லி, ஆட்டுக்கறிக் குழம்பு. மயிலாப்பூரிலும் அப்படித்தான் பல தெருக்கள். சுண்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். கொலு வீட்டில் தொன்னையில் கொடுப்பதும் பட்டாணிதான், மெரினாவில் தேங்காய் மாங்காய் போட்டுப் பொட்டலமாக விற்பதும் பட்டாணிதான். முதலாவது அச்சேறியது. இரண்டாவதன் பதத்தைத் தூக்குவாளியோடு மணலில் நடப்பவர்களிடம் யாராவது கேட்டு எழுதினார்களா?

இன்று பட்சணம் பெரும்பாலும் வெளியே போய்விட்டது. அடையாறு காந்தி நகரிலும் தி. நகரிலும் தீபாவளி வாரத்தில் இனிப்புக் கடை வரிசைகளைப் பார்த்தாலே தெரியும். லேகியத்துக்கான சுக்கு, கண்டதிப்பிலி, சித்தரத்தை வாங்கக் கச்சேரி ரோடு டப்பா செட்டி கடைக்குப் போகிறவர்களில் பலர், கிளறிய லேகியத்தையே வாங்கிவருகிறார்கள். இதில் புலம்ப ஒன்றுமில்லை. வேலைக்குப் போகும் பெண்ணிடம் மூன்று நாள் அடுப்படியில் நில் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் பதம் மறைந்துவிடவில்லை, கை மாறியிருக்கிறது. இப்போது அது கடைக்குப் பின்னால் பெரிய வாணலி முன் நிற்கும் மாஸ்டரின் கையில் இருக்கிறது. அவரும் எழுவாய் இல்லாதவர்தான்.

அப்படியானால் ‘சமைத்துப் பார்’ நமக்கு எதற்கு? அதே இலக்கணத்தில் ஒரு திறப்பு இருப்பதால். ‘கிளறவும்’, ‘இறக்கவும்’ என்ற ஏவலில் பால் கிடையாது. மருமகளே கிளறு என்று அந்த வினைமுற்று சொல்லவில்லை, அப்படி வாசித்தது எழுபது வருடப் பழக்கம். கணவனும் மகனும் அதே வாக்கியத்துக்குள் போய் நிற்க மொழியில் எந்தத் தடையும் இல்லை. வருகிற தீபாவளிக்கு நான்கு வகை வேண்டாம், ஒக்காரை ஒன்று போதும். ஊறவைத்த கடலைப் பருப்பை அரைத்து, ஆவியில் வேகவைத்து, உதிர்த்து, வெல்லப் பாகில் புரட்டும் எளிய பண்டம். ஒருவர் பாகைப் பார்க்க, இன்னொருவர் பருப்பை உதிர்க்கலாம். பாகைப் பார்ப்பது யார் என்று மட்டும் இந்தத் தடவை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.