புரோஸ்டேட் வீக்கத்துக்கு மூலிகை: பலமும் பலவீனமும்

புரோஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதன் திசு பெருகிக் காணப்படும். வயது ஏற ஏற இந்த விகிதமும் ஏறும். சுரப்பி பெருத்துக் குழாயை நெருக்கினால் சிறுநீர் முக்கி முக்கிப் போகும், தாரை மெலியும், கடைசியில் சொட்டும், இரவில் பலமுறை எழ வேண்டிவரும். இது புற்றுநோய் அல்ல. ஆனாலும் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும்.

உத்திரமேரூர் வட்டாரக் கிராமங்களில் இத்தகைய நீர்க்கோளாறுகளுக்குக் கைமருந்தாகும் செடிகள் ஏரிக்கரையிலும் தரிசிலும் தாமாக முளைப்பவை. நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை, நீர்முள்ளி, மாவிலங்கப்பட்டை ஆகியவை அவற்றில் முக்கியமானவை. சித்த மருத்துவம் இவற்றை நீர்ச்சுருக்கு, நீரடைப்பு, கல்லடைப்பு ஆகியவற்றுக்குக் குடிநீராகத் தருகிறது. இடித்த சரக்கைத் தண்ணீரில் இட்டு, நாலில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோ ஆகும்வரை காய்ச்சி வடிகட்டுவதே குடிநீர்.

இம்முறையின் முதல் பலம், அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. செலவு மிகக் குறைவு. கூச்சத்தால் மருத்துவரிடம் வாய் திறக்காத முதியவரும் கஷாயம் குடிக்கத் தயங்குவதில்லை. இரண்டாவது பலம், நீண்ட மரபு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையைக் குறிப்பிடுகிறது. அங்கே இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் தசமூல ஹரீதகியும் உண்டு. தசமூலம் என்னும் பத்து வேர்களில் நெருஞ்சிலும் ஒன்று. ஆனால் நீண்டகாலப் பழக்கம் ஒரு மருந்தை ஆராயத் தூண்டுமே தவிர, அதன் பயனை மெய்ப்பித்துவிடாது.

மெய்ப்பிக்கும் சோதனைகள் கலவையான முடிவையே தருகின்றன. மேலை நாடுகளில் பெரிதும் விற்பனையான சா பால்மெட்டோ என்னும் பனையினத்தின் கனிச்சாறு, 2006இல் 225 பேரிடம் ஓராண்டு நடந்த அமெரிக்க ஆய்வில் வெற்று மாத்திரையைவிட மேலாக எதையும் செய்யவில்லை. 2011இல் மூன்று மடங்கு அளவு வரை கொடுத்துப் பார்த்தபோதும் அதே முடிவுதான். பல தாவரங்களில் உள்ள பீட்டா-சிட்டோஸ்டெரால் 1995இல் 200 பேரிடம் நடந்த ஜெர்மானிய ஆய்வில் தொல்லையைக் குறைத்தது. சுரப்பியின் அளவைக் குறைக்கவில்லை. பூசணி விதையை 1,400க்கும் மேற்பட்டோரிடம் சோதித்த ஜெர்மானிய ஆய்வு 2015இல் வெளியானது. அதில் விதை தின்றவர்கள் ஓரளவு கூடுதலாகத் தேறினார்கள்; ஆனால் வெற்று மருந்து பெற்றவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் தேறினார்கள். இந்த நோயின் தொல்லை தானாகவே கூடிக் குறையும் என்பதால், 'கஷாயம் குடித்தேன், சரியாயிற்று' என்ற அனுபவத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. நெருஞ்சில் பற்றிய இந்திய ஆய்வுகளோ சிறியவை, குறுகிய காலத்தவை.

முதல் குறை மருந்தின் போக்கிலேயே இருக்கிறது. இச்செடிகளில் பல சிறுநீரைப் பெருக்குபவை. கல்லடைப்பில் அது உதவக்கூடும். ஆனால் வெளியேறும் வழியே நெருக்கப்பட்டிருக்கும்போது, நீரைப் பெருக்குவது பையை மேலும் நிரப்பும். மாலையில் குடித்தால் இரவுத் தொல்லை கூடும். நெருஞ்சில், நீர்முள்ளி போன்றவற்றில் பொட்டாசியம் உப்புகள் உண்டு. நீரடைப்புக்கான சில மருந்துகளில் சேரும் வெடியுப்பு என்பதே பொட்டாசியம் நைட்ரேட்தான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சிலவகை இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும்.

சரக்கின் தூய்மை அடுத்த சிக்கல். சிறுநெருஞ்சில் தரையோடு படரும். காய் ஐந்து துண்டாக உடையும். துண்டுக்கு இரண்டு நீண்ட முள் இருக்கும். யானை நெருஞ்சில் வேறு குடும்பச் செடி. அதன் பச்சை இலையைத் தண்ணீரில் அலசினால் தண்ணீர் குழகுழவென்று கெட்டியாகும். கடையில் இடித்த பொடியாக வரும்போது எது எதுவென்று கண்ணால் சொல்ல முடியாது. மூக்கிரட்டைக்குப் பதில் சாரணையும் கலக்கிறது. எனவே அளவும் வீரியமும் ஒவ்வொரு முறையும் மாறும்.

இவற்றைவிடக் கேடானது தாமதம். ஒரே அறிகுறிக்குப் பின்னால் சர்க்கரை நோய், கிருமித்தொற்று, சிறுநீர்ப்பைக் கல், புற்றுநோய் என எதுவும் இருக்கலாம். புரோஸ்டேட் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. விரல் பரிசோதனை, பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவை செய்யும் வேலையைக் கஷாயம் செய்யாது. சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், முற்றான அடைப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். முற்றாக அடைத்துக்கொண்டால் குழாய் செருகி நீரை வெளியேற்றுவதே உடனடித் தீர்வு. சட்டமும் இந்தத் தாமதத்தின் ஆபத்தை உணர்ந்திருக்கிறது: புரோஸ்டேட் கோளாறுகளைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் அத்தகைய விளம்பரங்கள் நின்றபாடில்லை.

அப்படியானால் மூலிகைக்கு இடமே இல்லையா? வரையறுத்த இடம் உண்டு. பரிசோதனையில் சாதாரண வீக்கம் என்று உறுதியாகி, தொல்லை இலேசாக, சிறுநீரகம் நலமாக இருப்பவர் தகுதிபெற்ற சித்த மருத்துவரின் மேற்பார்வையில், பகல் வேளையில் குடிநீர் எடுத்துப் பார்க்கலாம். ஆங்கில மருந்து எடுப்பவர் அதை இரு மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். சில மாதங்களில் மாற்றம் இல்லையென்றால் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளும் அறுவை சிகிச்சையும் உள்ளன. திருமுக்கூடல் ஆதுலர் சாலையிலும் மருத்துவரோடு அறுவை செய்பவரும் மூலிகை கொண்டுவருபவர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள். நோயறிதலோடும் மற்றச் சிகிச்சைகளோடும் சேரும்போது மூலிகை துணை மருந்தாகும். அவற்றுக்கு மாற்றாக நிற்கும்போது ஆபத்தாகும்.