கண்டிச் சுவர்ச் சித்திரமும் அதன் பிரதிகளும்

கண்டி நகரை அடுத்த அமுனுகமக் கிராமத்தில் பாறையைக் குடைந்து அமைத்த தெகல்தொருவை விகாரையின் சித்திரங்கள், நாயக்கர் குலத்தவனாகிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்தில் தொடங்கி, அவன் தம்பி ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் நிறைவெய்தியவை. இத்தகைய விகாரைச் சித்திரங்களைப் பார்த்துக் கையால் தீட்டிய பிரதிகள் இன்று கண்டிக் கடைவீதியில் விற்பனைக்குத் தொங்குகின்றன. அறிஞர் சேகரங்களிலும் இருக்கின்றன. பிரதி செய்தல் சுயமாகப் படைக்க இயலாதவனின் பிழைப்பு என்று அதை ஒதுக்குவோர் உளர். மூலத்தைப் போலத் தோன்றினால் போதும் என்று திருப்தியடைவோரும் உளர். இவ்விரு சாராரும் பிரதியின் மேற்பரப்பை மட்டுமே நோக்குகின்றனர் என்பதும், அதன் தரமோ கோட்டில்தான் நிர்ணயமாகிறது என்பதும் என் அபிப்பிராயம்.

இதைத் தெளிவாக்க ஜப்பான் தேசத்து மரக்கட்டை அச்சுச் சித்திரங்கள் உதவும். ஹொக்குசாயின் பியூஜி மலைக் காட்சிகளும் ஹிரோஷிகேயின் தொக்கைதோ நெடுஞ்சாலைக் காட்சிகளும் 1830களில் வெளிவந்தவை. ஓவியன் மெல்லிய தாளில் வரைந்த கோட்டுருவைப் பலகையில் ஒட்டி அதன் மேலேயே செதுக்கினார்கள். செதுக்குகையில் அத்தாள் அழிந்துபோகும். எனவே அச்சிட்ட பிரதிகளே அங்கு மூலம். 1887ல் வான் கோ ஹிரோஷிகேயின் இரு சித்திரங்களை எண்ணெய் வர்ணத்தில் தீட்டியபொழுது, பலவாகப் பிறந்த ஒன்று தனிப்பொருளாயிற்று. அவற்றுள் ஒன்றான, மழைபெய்யும் பாலக் காட்சியின் நிறங்கள் அவர் கையில் உக்கிரம் பெற்றன. வேறு அச்சுக்களில் கண்ட ஜப்பானிய எழுத்துக்களை ஓரங்களில் அலங்காரமாக நிரப்பினார். அது உன்னதமான சித்திரமே. எனினும் அதில் நாம் காண்பது வான் கோவை. கண்டியில் நிலைமை நேர்மாறு. ஒரேயொரு சுவரில், பெயர்த்தெடுக்க இயலாதபடி இருக்கும் ஒன்றைப் பிரதிகாரன் பலவாக்குகிறான். அவனுடைய பொறுப்பு அதனால் கூடுகிறது.

இத்தனைக்கும் கண்டிச் சித்திரம் ஜப்பானிய அச்சுக்கு மிக நெருங்கிய சுபாவமுடையது. நிழல் இல்லை, தூரத்திற்கேற்ப உருவம் சிறுப்பதில்லை, சமதளமான வர்ணத்தைக் கோடு வளைத்து நிற்கிறது. புத்தரின் முற்பிறப்புக் கதையைத் தீட்டிய தெகல்தொருவையின் வெசந்தர ஜாதகத்தை அருகில் நின்று நோக்குங்கள். வெள்ளை யானைக்கு உடல் தருவது வெறும் வெண்மையும் அதனைச் சூழ்ந்த ஒரு மெல்லிய கோடும்தான்; முதுகிலிருந்து பின்காலுக்கு இறங்கும் அக்கோட்டில் தயக்கமேயில்லை. செந்நிறப் பின்புலத்தில் எஞ்சிய வெற்றிடங்களில் மலர்கள் மிதக்கின்றன. ஒரே அரசகுமாரன் ஒரே பட்டியில் மீண்டும் மீண்டும் தோன்றுகிறான்: இங்கே யானையைத் தானம் செய்கிறான், அங்கே தேரேறி வனம் புகுகிறான், கண்ணும் காலும் உடன் நடந்தாலன்றிக் கதை விளங்காது.

இவ்வோவியர் கையாண்ட பொருள்களை, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறையை நடத்த வந்து கலை ஆராய்ச்சியில் ஆழ்ந்த ஆனந்த குமாரசுவாமி, 1908ல் வெளியான தமது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் பதிந்து வைத்தார். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு மரப்பால், கறுப்புக்குப் புகைக்கரி, வெள்ளைக்கு வெண்களிமண். நுண்கோட்டுக்குப் புல்லும் விலங்கு ரோமமும் கட்டிய தூரிகை. சாதிலிங்கத்தைக் கண்ணால் கண்டவருக்கு, அதன் இடத்தில் குழாய்ச் சிவப்பு வந்து அமர்வது உடனே உறுத்தும்.

கடைகளில் விற்கும் பிரதிகளிற் பெரும்பாலானவற்றின் குறை இங்கேதான் தொடங்குகிறது. வாங்குவோர் பழமையை விரும்புகிறார்கள் என்று கருதி, வர்ணத்தை வேண்டுமென்றே மங்கவைத்து, விரிசலையும் கறையையும் சிரத்தையாக வரைகிறார்கள். ஓவியன் ஒருபோதும் எண்ணாத சேதம் சித்திரத்தின் அழகாகிவிடுகிறது. யானையின் வயிற்றடியில் ஒரு கீற்று நிழலிட்டு உருண்டைத்தன்மை தேடுவது அதனினும் பெரிய பிழை. அந்த ஒரு நிழலால் சமதள ஓவியத்தின் தர்மமே குலைந்துபோகிறது. ஊர்வலத்தினின்று ஒற்றை யானையை வெட்டியெடுத்துச் சட்டமிடுவதோ கதையின் நடையையே நிறுத்திவிடுகிறது. வயிற்றுக்காக வரைபவனை இதற்காக நான் நோகமாட்டேன். ஒரு முழ அகலச் சித்திரத்தையே வாங்குவோர் கேட்கையில், முப்பது முழக் கதையை அவன் எங்கே கொண்டுபோய் விற்பான்?

ஆயினும் பிரதி இல்லாதிருந்தால் நாம் இழந்திருக்கக்கூடியது சிறிதன்று. சீகிரியச் சித்திரங்களைத் தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல்லின் மேற்பார்வையில் 1896–97ல் முகாந்திரம் டி. ஏ. எல். பெரேரா பிரதி செய்தார். 1967ல் அச்சித்திரங்கள்மீது விஷமிகள் பச்சை வர்ணம் பூசிச் சிதைத்த பிறகே அவர் பட்ட பிரயாசையின் பெறுமதி பலருக்கு விளங்கியது. பௌத்த துறவியாயிருந்து சாந்திநிகேதனில் பயின்ற எல். டி. பி. மஞ்சுஸ்ரீ (1902–1982), பல பத்தாண்டுகள் விகாரை விகாரையாகச் சென்று சுவர்களைப் பிரதி செய்தார். 1979ல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. பக்தியோடு செய்யும் புனருத்தாரணம் கூடப் பழைய கோட்டை அழித்துவிடுவதுண்டு. புதுவர்ணம் பூசிய சுவர்களிலும் ஈரம் அரித்த சுவர்களிலும் முன்பு என்ன இருந்தது என்பதற்கு இத்தகைய பிரதிகளே சாட்சி. நவீன ஓவியத்துக்காக 1943ல் தோன்றிய '43 குழுவில் மஞ்சுஸ்ரீயும் ஒருவராக இருந்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். பழைய கோட்டை ஆண்டுக்கணக்காகக் கையால் பின்தொடர்ந்தவர் புதிய கலைக்கு அந்நியராகிவிடவில்லை.

புகைப்படம் இருக்கையில் கை எதற்கு என்று கேட்கலாம். புகைப்படம் கறையையும் கோட்டையும் ஒரே தராசில் நிறுக்கும். எது ஓவியனுடையது, எது மழையுடையது என்று பிரித்தறிய வேண்டியவன் வரைபவனே. யானையின் முதுகுக்கோடு எந்த இடத்தில் தொடங்கியது, தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே மெலிந்தது என்பதை அவன் தன் மணிக்கட்டால் ஆராய்கிறான். ஆகவே பேராதனைப் பல்கலைக்கழகம் இத்தனை அருகிலிருக்கும் கண்டி நகரில், இளைஞர் சிலரைச் சுவர்முன் அமர்த்தி, ஜாதகப் பட்டி ஒன்றை அதன் முழு நீளத்தில், மூலத்தின் அளவிலேயே, சாதிலிங்கமும் புகைக்கரியும் கொண்டு தீட்டச் செய்யவேண்டும் என்று கேட்கிறேன். பிரதியின் பின்புறத்தில் வரைந்தவர் பெயரும், ஆண்டும், சுவரில் அப்போது எஞ்சியிருந்த பகுதி எது, ஊகத்தால் நிரப்பிய பகுதி எது என்ற குறிப்பும் இருக்கட்டும்.