மூட்டு, கணு, கீல்: மூன்று கலைச்சொற்கள் பற்றிய திறனாய்வு

மூட்டு, கணு, கீல் ஆகிய மூன்றும் இரண்டு உறுப்புகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள். மருத்துவத்திலும் உயிரியலிலும் ‘ஆர்த்ரான்’ என்னும் ஒரே கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்ட கலைச்சொற்களைத் தமிழாக்கும்போது இம்மூன்றும் இடத்துக்கு ஏற்பப் பயன்படுத்தப்படுகின்றன. உடற்கூறியலில் மூட்டு, விலங்கியலில் கணுக்காலி, நோய்ப் பெயரில் கீல்வாதம் என வழக்கு பிரிந்துள்ளது. மூலத்தில் ஒரு சொல் இருக்கத் தமிழில் மூன்று எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு கலைச்சொல்லை மூலச்சொல்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து மட்டும் மதிப்பிட முடியாது. வேறுபட்ட பொருள்களை அது பிரித்துக் காட்டுகிறதா என்பதே முதன்மையான அளவுகோல். அந்த அளவுகோலின்படி இம்மூன்று சொற்களில் ஒன்று நன்றாகவும், மற்றொன்று இடர் தரும் வகையிலும் அமைந்துள்ளன.

கணுக்காலி என்னும் சொல்

‘ஆர்த்ரோபோடா’ என்பதற்கு மூட்டுள்ள கால்களை உடையவை என்பது பொருள். பூச்சிகள், சிலந்திகள், தேள்கள், இறால், நண்டு, பூரான், மரவட்டை முதலியன இத்தொகுதியைச் சேர்ந்தவை. இதுவரை அறியப்பட்ட விலங்கினங்களில் பெரும்பான்மையானவை இவையே. இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் ‘மூட்டுக்காலி’ என்று வந்திருக்கும். அவ்வாறு பெயர்க்காமல் விட்டது நன்மையாயிற்று. ஏனெனில் ஆடு, கோழி, மனிதர் ஆகிய அனைவருக்கும் மூட்டுள்ள கால்கள் உண்டு. மூட்டுக்காலி என்ற பெயர் இவர்களிடமிருந்து கரப்பான்பூச்சியைப் பிரித்துக் காட்டாது.

கணு என்னும் சொல் கரும்பையும் மூங்கிலையும் உடனே நினைவூட்டுகிறது. கரப்பான்பூச்சியின் கால் வெளியே கடினமான உறையும் உள்ளே தசையும் கொண்ட குழாய்த் துண்டுகளின் தொடர்ச்சி. எலும்பு உள்ளேயும் தசை வெளியேயும் அமைந்த நமது காலுக்கு இது நேர்மாறானது. ‘கணு’ என்றதும் துண்டு துண்டான அந்த வெளித்தோற்றம் மாணவரின் மனத்தில் பதிகிறது. மூலச்சொல் சொல்லாத ஒன்றைத் தமிழ்ச்சொல் சொல்லிவிடுகிறது.

எனினும் இச்சொல்லில் மூன்று குறைகள் உண்டு. முதலாவது, கரும்பிலும் மூங்கிலிலும் கணுதான் விறைப்பான இடம், அது வளையாது. பூச்சியின் காலிலோ கணு எனப்படும் இடம்தான் வளையும் இடம். இரண்டு கடினமான துண்டுகளுக்கு இடையில் மெல்லிய சவ்வு இருப்பதால்தான் கால் மடங்குகிறது. ஆகவே கணு என்ற உவமை தோற்றத்துக்குப் பொருந்தும், செயலுக்குப் பொருந்தாது. இதை வகுப்பில் எடுத்துச் சொல்லாவிட்டால் மாணவர் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்வார்.

இரண்டாவது, கணுக்கால் என்பது பாதமும் காலும் சேரும் இடத்துக்கு ஏற்கனவே உள்ள பெயர். அதனால் கணுக்காலி என்பதைக் ‘கணுக்கால் உடையது’ என்று பிரித்துப் பொருள்கொள்ள இடமுண்டு. முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியான கணைக்கால் ஓரெழுத்து வேறுபாட்டில் பக்கத்திலேயே நிற்பதால் குழப்பம் மேலும் கூடுகிறது.

மூன்றாவது குறை இலக்கணம் சார்ந்தது. தலைக்காலி என்றால் தலையில் கால் உடையது. கணவாய் இதற்கு எடுத்துக்காட்டு. வயிற்றுக்காலி என்றால் வயிற்றுப் பக்கத்தில் கால் உடையது, நத்தை இவ்வகை. இவ்விரண்டிலும் முதற்சொல் இடத்தைக் குறிக்கிறது. கணுக்காலியில் மட்டும் அது ‘கணுவை உடைய கால்’ என விரியும். ஒரே அச்சில் வார்த்த மூன்று சொற்களில் ஒன்று வேறு வகையில் விரிகிறது என்பதை ஆசிரியர் சுட்டிக்காட்டினால் போதும். இக்குறைகள் யாவும் விளக்கத்தால் தீரக்கூடியவை. சொல்லை மாற்றத் தேவையில்லை.

கீல்வாதம் என்னும் சொல்

கீல் என்பது கதவு திரும்பும் பொருத்து. உடலின் மூட்டுகளையும் பழைய வழக்கு அப்பெயரால் குறித்தது. சித்த மருத்துவத்தில் மூட்டு நோய்கள் கீல்வாயு எனப்படுகின்றன. அம்மருத்துவத்தின் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றில் வாதத்தின் கேட்டால் வருவன என்ற கொள்கையிலிருந்து பிறந்த பெயர் அது. அந்தக் கொள்கைக்குள் அது பொருத்தமான பெயரே. அப்பெயரின் ஒரு பகுதியை எடுத்து, வேறு கொள்கையில் இயங்கும் மருத்துவத்தின் நோய்களுக்குச் சூட்டியபோதுதான் சிக்கல் தொடங்கியது.

கீல்வாதம் என்ற சொல் ஓரிடத்தில் எல்லா மூட்டழற்சிகளுக்கும் பொதுப்பெயராக வருகிறது. வேறோரிடத்தில் யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் தங்குவதால் வரும் நோயை மட்டும் குறிக்கிறது. இன்னோரிடத்தில் வயது முதிர்வில் வரும் முழங்கால் தேய்வுக்கும் அதே பெயர். முடக்குவாதம் என்பது உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்கும் நோய். ஆனால் முடக்கு என்ற சொல்லைக் கேட்பவர் கைகால் செயலிழப்பதாக எண்ணுவது இயல்பு. பக்கவாதம் மூளையின் இரத்த ஓட்டத் தடையாலோ கசிவாலோ வருவது. இளம்பிள்ளை வாதம் தீநுண்மியால் வருவது. காரணம், உறுப்பு, மருந்து எதிலும் ஒன்றாத நோய்கள் ‘வாதம்’ என்னும் ஒரே குடும்பப் பெயரில் நிற்கின்றன.

இக்குழப்பத்தால் பாதிக்கப்படுவது மொழி மட்டுமன்று. யூரிக் அமில நோய் பெரும்பாலும் கால் பெருவிரலின் அடியில் திடீர் வலியாகத் தொடங்கும். அமில அளவைக் குறைக்க மருந்து உண்டு. முழங்கால் தேய்வுக்கு உடல் எடையைக் குறைப்பதும் தசைப் பயிற்சியும் முதன்மையானவை. எதிர்ப்பாற்றல் கோளாறால் வரும் நோயோ பெரும்பாலும் இரு கைகளின் சிறு மூட்டுகளிலும் வீக்கமாகவும் காலையில் நெடுநேரம் நீடிக்கும் விறைப்பாகவும் தோன்றும். இதற்குத் தொடக்கத்திலேயே சிகிச்சை தொடங்கினால் மூட்டுகள் உருக்குலைவதைப் பெரிதும் தடுக்கலாம். முப்பது வயதுப் பெண் ஒருவர் விரல் வீங்கியபோது ‘வாதம்தானே, வயதானவர்களுக்கு வருவதுதானே’ என்று தைலம் தேய்த்துக் காத்திருந்தால், இழந்த மாதங்கள் திரும்ப வாரா. நோயின் பெயரே காத்திருக்கச் சொல்வதுபோல் அமைந்துவிடுகிறது.

அழற்சி என்ற சொல்லிலும் ஒரு நுட்பம் உண்டு. அழல் என்றால் நெருப்பு. சிவப்பு, சூடு, வீக்கம், வலி ஆகியவற்றைக் குறிக்க அழற்சி மிகப் பொருத்தமான ஆக்கம். ஆனால் சித்த மருத்துவத்தில் அழல் என்பது பித்தத்தின் பெயர். மூட்டுத் தேய்வோடு ஒப்பிடப்படும் ‘அழல் கீல்வாயு’ என்ற பெயரைப் படிக்கும் மாணவர், அதிலுள்ள அழலை அழற்சி என்று கொண்டால் இரண்டு மருத்துவங்களையும் பிழையாகப் புரிந்துகொள்வார்.

கணுவும் மூட்டும் சந்திக்கும் இடம்

கொசு ஒரு கணுக்காலி. அது பரப்பும் சிக்குன்குனியா மனிதரின் மூட்டுகளைக் கடும் வலியால் தாக்கும் காய்ச்சல். 1952-இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் கண்டறியப்பட்ட இந்நோயின் பெயர் மக்கோண்டே மொழியைச் சேர்ந்தது. வலியால் உடல் வளைந்துபோதலைக் குறிப்பது. 2006-இல் தமிழ்நாட்டில் இந்நோய் பரவியபோது பலர் அதைச் ‘சிக்கன் குனியா’ என்றனர். கோழிக்கறியோடு தொடர்புபடுத்தியவர்களும் உண்டு. வளைதலைக் குறித்த பெயர், தமிழ்க் காதில் ‘குனியா’ என வளையாமையாக ஒலித்ததும் வேடிக்கையே. பொருள் விளங்காத ஒலிபெயர்ப்புக்கு மக்கள் தாமே பொருள் படைத்துக்கொள்வர் என்பதற்கு இது சான்று. கொசுவை விட்டுவிட்டுக் கோழியை ஐயுறுவதில் வேடிக்கைக்கு அப்பாலும் தீங்கு உண்டு.

மதிப்பீடு

கணுக்காலி சிறு குறைகளோடும் தன் வேலையைச் செய்யும் சொல். அதனைக் காக்க வேண்டும். உடற்கூறியலில் மூட்டு என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றுவிட்டது. கீல் என்பதைக் கதவுபோல் ஒரு தளத்தில் மட்டும் அசையும் முழங்கை மூட்டு போன்றவற்றுக்குக் ‘கீல் மூட்டு’ என ஒதுக்கியதும் நன்றே. நோய்ப் பெயர்களில்தான் திருத்தம் தேவை. மூட்டுத் தேய்வு, யூரிக் அமில மூட்டழற்சி, தன்னெதிர்ப்பு மூட்டழற்சி எனக் காரணத்தைச் சுட்டும் பெயர்களைப் பாடநூல்களும் மருத்துவக் குறிப்புகளும் முதற்பெயராகக் கொள்ளலாம். கீல்வாதம், முடக்குவாதம் ஆகியவற்றை நீக்கிவிட முடியாது. நோயாளி அந்தச் சொற்களோடுதான் மருத்துவரிடம் வருகிறார். அவற்றை வழக்குப் பெயர்களாகக் குறித்து, எந்த நோயைச் சொல்கிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் உடன் எழுதுவதே பொறுப்பான முறை.