தோழமையும் மாஸ்டர் உரிமையும்

பெரிய கம்பெனிகள் கைவைக்கத் தயங்கிய இசையைப் பதிந்து வைத்தவை சிறு ஜாஸ் லேபிள்கள். 1939இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் லயன் தொடங்கிய புளூ நோட், ஒத்திகைக்கும் வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. ம்யூனிக்கில் 1969இல் பிறந்த இ.சி.எம்., 1980களில் எல். சங்கரின் வயலினுக்கு இடம் தந்தது. சென்னையில் கர்நாடக இசைக்குச் சார்சுர் என்ற லேபிள் இருந்தது. டிசம்பர் சீசன் கச்சேரிகளை மேடையிலிருந்தே பதிந்து வெளியிட்டது. எல்பி தட்டுக்கு மறுபடி மவுசு வந்திருக்கும் இந்நாளில், சிறு லேபிளைக் ‘கலைஞரின் தோழன்’ என்று கொண்டாடுவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தோழமை மெய்தான். எழுத்தில் எதுவும் வைக்காமல் வாய்ப்பேச்சில் முடியும் ஏற்பாட்டை அதே தோழமையின் பெயரால் நியாயப்படுத்துவதுதான் தவறு.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். பதிவுக்கு முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர் எவரோ அவரே தயாரிப்பாளர். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் மாஸ்டர் எனும் மூலப் பதிவு 60 ஆண்டுக்கு அவருடையது. தட்டின் பின்னட்டையில் வட்டத்துக்குள் இருக்கும் ‘பி’ எழுத்தை அடுத்து வரும் பெயர் அதைத்தான் சொல்கிறது. ஆக, ஒன்றும் எழுதாமல் விட்டால் லாபம் லேபிளுக்கே. காலம் குறிக்காத உரிமை மாற்றம் ஐந்தாண்டில் முடியும் என்று அதே சட்டம் சொன்னாலும், வாசித்தவருக்கு அது உதவாது. மாஸ்டர் முதலிலிருந்தே அவரிடம் இல்லையே!

ஜாஸில் இந்த இழப்பு இரட்டிப்பு. மெட்டு எவருடையதாகவும் இருக்கலாம்; அதன் மேல் வாசிப்பவர் அந்த நேரத்தில் கட்டி எழுப்பும் மனோதர்மமே படைப்பு. மெட்டமைத்தவருக்கு ராயல்டி போகிறது, படைப்பு முழுதாகத் தங்கியிருக்கும் மாஸ்டரோ லேபிளின் பெட்டியில் கிடக்கிறது. லேபிள் விலைபோனால் அதுவும் கூடவே போகும். 1965இல் லிபர்ட்டி கம்பெனி புளூ நோட்டை வாங்கியது. இன்று அது யூனிவர்சலின் கையில்.

‘லாபமே இல்லை, எதைப் பங்கு போடுவது?’ என்பது வழக்கமான பதில். நஷ்டத்தில் ஓடும் ஆண்டுகளில்தான் உரிமை யாருக்கென்று தீர்மானமாகிறது. தட்டுக்கு மதிப்பு கூடும்போது, வாசித்தவர் பேரம் பேசும் இடத்தில் இருப்பதில்லை. 1952இல் சார்ல்ஸ் மிங்கஸும் மாக்ஸ் ரோச்சும் டெப்யூ என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார்கள். 1971இல் ஸ்ட்ராட்டா-ஈஸ்ட் லேபிள் மாஸ்டரைக் கலைஞரிடமே விட்டு வைத்தது. இவையும் பணக்காரக் கம்பெனிகள் அல்ல.

பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், பதிவு வணிகத்துக்குப் பயன்பட்டால் நிகழ்த்துநருக்கும் ராயல்டி உண்டு என்கிறது. கணக்கே எழுதாத லேபிளிடம் அதை எப்படிக் கேட்பது? ஏற்காட்டில் ஓர் அறையில் பதிந்து உலகெங்கும் வெளியிட இன்று ஒரு மடிக்கணினி போதும். அங்கே லேபிள் தொடங்குகிறவரும் முதல் பதிவுக்கு முன்பே மாஸ்டர் யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, கணக்கு எப்போது, லேபிள் விலைபோனால் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி, டிரம்ஸ் வாசிப்பவர் உட்பட எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.