கேபிள் போகும் வழி

வீட்டுக் கொட்டகையில் கட்டிய விமானத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் எஞ்சினையும் சுற்றிச்சுற்றி வருவார்கள். எனக்கோ இருக்கைக்குப் பின்னால் உள்ள மூடியைக் கழற்றிப் பார்க்கத்தான் ஆசை. எலிவேட்டர் டிரிம் கேபிள் எந்த வழியாக வாலுக்குப் போகிறது என்று பார்த்தால் போதும், கட்டியவரின் கைத்திறன் தெரிந்துவிடும்.

வேகம் மாறினாலும் ஏற்றிய சுமை இடம் மாறினாலும் விமானத்தின் மூக்கு ஏறப் பார்க்கும், அல்லது தாழப் பார்க்கும். விமானி ஸ்டிக்கை விடாமல் பிடித்திருக்க வேண்டிவரும். அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்வது, வாலில் மேலும் கீழும் ஆடும் எலிவேட்டரின் பின்விளிம்பில் கீல் போட்ட ஒரு சிறு பட்டை. அதை அசைப்பதுதான் டிரிம் கேபிள். பட்டை கீழே இறங்கினால் காற்று எலிவேட்டரை மேலே தள்ளும்; மூக்கு உயரும். இந்த எதிர்த்திசைக் கணக்கு பிசகி கேபிளைத் தலைகீழாக மாட்டிவிட்டால் ஆபத்து. அதனால் பறப்பதற்கு முன் விமானி பக்கத்திலுள்ள டிரிம் குமிழைத் திருகி, பட்டை எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்த்தே தீரவேண்டும்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் வேன்கிரன்ஸ்வன் வடிவமைத்த ஆர்.வி. விமானங்கள் பலவற்றில் இந்தப் பட்டை இடது எலிவேட்டரில் இருக்கிறது. பட்டையை அசைக்க மின்மோட்டார் வேண்டாம் என்பவர்கள் சைக்கிள் பிரேக் ஒயரைப் போல உறைக்குள் ஓடும் ஒற்றைக் கேபிளைப் போடுகிறார்கள். பிரேக் ஒயர் இழுக்க மட்டும்தான் செய்யும். இது தள்ளவும் செய்யும். ஆகவே உள்கம்பி விறைப்பாக இருக்கும், திடுக்கென்று திரும்பாது. ஒரு வளைவு கூடினாலும் உராய்வு கூடும், அதுவும் பெருக்கல் கணக்கில். மொத்தத்தில் எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்பதுதான் விரலில் கனமாகத் தெரிகிறது. தேர்ந்தவர்கள் குறுக்குத் தகட்டில் துளை போடுவதற்கு முன்பே கேபிளைத் தளர்வாகப் போட்டு, அது தானாக எங்கே படுக்க விரும்புகிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள். துளைக்கு நைலான் வளையம், உறையைப் பிடிக்க ரப்பர் வைத்த கிளாம்ப்.

உறையில்லாத எஃகுக் கேபிள் ஜோடியைப் புல்லிகளில் ஓட்டும் பழைய முறைக்கு வேறு ஒழுங்கு. மெல்லிய டிரிம் கேபிள்களில் வழக்கமாக ஏழு புரி, புரிக்கு ஏழு இழை. புல்லிகளில் ஓயாமல் மடங்கும் முதன்மைக் கேபிள்களில் புரிக்கு 19 இழை. வழிகாட்டி வளையம் கேபிளை 3 பாகைக்கு மேல் திருப்பக்கூடாது. அதற்கு மேல் திருப்ப வேண்டுமானால் புல்லி வைக்கவேண்டும். அலுமினிய உடல் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு சுருங்குவதால், குளிரில் கேபிள் தளரும். அதற்கும் இடம் கொடுத்துத்தான் கேபிளை இறுக்கும் டர்ன்பக்கிளை முறுக்குகிறார்கள்.

ஆனால் கலை முழுவதும் கூடி நிற்பது கடைசி அரை அடியில். கேபிள் அசையாத வாலிலிருந்து, மேலும் கீழும் ஆடும் எலிவேட்டருக்குள் போகவேண்டும். ஸ்டிக் அசையும்போதெல்லாம் பட்டையும் சேர்ந்து அசைந்தால் டிரிம் போட்டதற்கே பொருளில்லை. அதனால் உறையின் முனையை எலிவேட்டரிலேயே பிணைத்து, கீலுக்குப் பக்கத்தில் ஓர் இளக்கமான வளைவை விடுகிறார்கள். இளக்கம் குறைந்தால் எலிவேட்டரின் முழு வீச்சைக் கேபிள் தடுக்கும். கூடினால் தகட்டின் விளிம்பில் உரசும். இரண்டும் இல்லாத அளவைக் கணக்குப் போட்டு எடுக்க முடியாது. எலிவேட்டரை ஆட்டி ஆட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மின்மோட்டாருக்குச் சில மெல்லிய ஒயர்கள் போதும். எந்த மூலையிலும் திரும்பிப் போய்விடும். வேலையும் மிச்சம். ஆனாலும் கேபிள்காரர்களின் பிடிவாதம் எனக்குப் புரிகிறது. மின்சாரம் நின்றாலும் வேலை செய்யும் என்பது ஒரு காரணம். வாலில் நடப்பது விரலுக்கே தெரியும் என்பது இன்னொன்று.

விஸ்கான்சினில் ஆண்டுதோறும் நடக்கும் ஆஷ்கோஷ் விமான விழாவுக்குப் போக வாய்த்தால், கேபிள் டிரிம் வைத்த விமானத்தைக் கட்டியவரிடம் ஸ்டிக்கை முன்னும் பின்னும் முழுக்கத் தள்ளி இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாலருகில் நின்று, எலிவேட்டருக்கும் பட்டைக்கும் இடையிலுள்ள கோணத்தை மட்டும் பாருங்கள். அது மாறாமல் நின்றால், அங்கேயே அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம்.