இதழ் விரியும் சமன்பாடு

கணக்குக் குறிப்பில் துருவ ஆயத்தொலைவு வரைபடம் சேர்க்கப் பெரிய மென்பொருள் வேண்டாம். உலாவியில் இலவசமாகத் திறக்கும் டெஸ்மாஸ் போதும். ‘ஆர் = காஸ் 3தீட்டா’ என்று அடித்தால் (தீட்டாவை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டினாலே குறியீடாகிவிடும்) மூன்று இதழ்ப் பூ மலர்கிறது. 3-ஐ 2 ஆக்குங்கள். இதழ் குறைய வேண்டியதுதானே? நான்காகிறது! ஒற்றை எண்ணில், ஆரம் குறை எண்ணாகும்போது கோடு பழைய இதழ்கள் மேலேயே மறுபடி ஓடுகிறது. இரட்டை எண்ணில் காலியான திசைகளில் புது இதழ் போடுகிறது. கையால் புள்ளி வைத்து வரைந்தவருக்கும் இந்த வேடிக்கை தெரியும், மணிக்கட்டு வலியோடு. டெஸ்மாஸின் அமைப்புகளில் வட்டக் கட்டத்தைத் தேர்ந்து, படமாகச் சேமித்துக் குறிப்பில் ஒட்டிக்கொள்ளலாம். லாடெக்கில் எழுதுவோருக்கு பிஜிஎஃப்பிளாட்ஸ் என்ற தொகுப்பு இன்னும் அழகுதான். ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவில் அதைக் கற்கத் தொடங்காதீர்கள்.