ஒலிபெருக்கிகளும் ஒலியின் உண்மையும்

இசைத்தட்டிற் பதிந்த ஒலியைச் செவிக்கு மீட்டுத் தருவது ஒலிபெருக்கி. தனக்கெனக் குரலொன்று இல்லாதிருத்தலே அதன் தலையாய இலக்கணம். எனினும், பழைய ஒலிபெருக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார்க்கு ஒவ்வொன்றும் வெவ்வேறு குரலிற் பேசுவது புலனாகும். இவ்வேறுபாடு எங்ஙனம் எழுந்தது, அவற்றுள் உண்மைக்கு அண்மையது எது என்பன ஆராயற்பாலன.

ஆழ்ந்த தாழ்சுரம், சிறிய பெட்டி, குறைந்த மின்வலுவில் நிறைந்த ஒலி ஆகிய மூன்றையும் ஒருங்கே பெறுதல் இயலாது. இரண்டை வேண்டுவோர் மூன்றாவதை இழத்தல் வேண்டும். பழைய ஒலிபெருக்கிகளின் குணமும் குற்றமும் பெரிதும் இவ்விதியின் விளைவேயாம்.

அமெரிக்கரான போல் கிளிப்ஷ் 1946இல் விற்பனைக்குக் கொணர்ந்த கிளிப்ஷோர்ன், பெட்டியின் சிறுமையைத் துறந்தது. அறையின் மூலையில் நிற்கும் அதன் மடிந்த கொம்புக்குச் சுவர்களிரண்டுமே தொடர்ச்சியாக அமைகின்றன. ஓரிரு உவாற்று மின்வலுவே வீட்டறையை ஒலியால் நிறைக்கும். முரசும் எக்காளமும் அதன்வழி உயிர்ப்போடு எழும். ஆயின், மென்குரலிற் கொம்பின் சாயல் படிதலும் உண்டு.

1954இல் எட்கர் வில்ச்சரும் ஹென்றி குளொசும் மசாச்சுசெற்சிலுள்ள கேம்பிரிட்ஜில் நிறுவிய ஏ. ஆர். நிறுவனம் இதற்கு எதிர்வழிச் சென்றது. மூடிய பெட்டியினுள் அடைபட்ட காற்றே கூம்புக்கு வில்லாயிற்று. சிறு பெட்டியில் ஆழ்ந்த தாழ்சுரம் பிறந்தது. அதற்கீடாக மிகுந்த மின்வலு வேண்டப்பட்டது. பின்னர் வந்த ஏ. ஆர்.-3ஐ மேடையில் நரம்பிசைக் குழுவினரோடு வைத்து, வாசிப்பு இடையில் நின்று பதிவு தொடருமாறு செய்து காட்டினர். மாறிய இடத்தைக் கேட்டோர் எளிதில் உணர்ந்திலர்.

இங்கிலாந்தில் பீற்றர் வோக்கர் 1957இல் வெளியிட்ட குவாட் கூம்பையே நீக்கியது. மின்னேற்றிய மென்படலமொன்று நிலைமின் விசையால் அசைந்து ஒலி தரும். படலம் மிக இலேசானதாகலின் ஒலி தொடங்குங்கால் தொடங்கி, ஒடுங்குங்கால் ஒடுங்கும். பேரொலியையும் மிக ஆழ்ந்த சுரத்தையும் அது தாங்காது. நேர்முன் இருப்பார்க்கே அதன் முழுச்சிறப்பும் கிட்டும். 1970களில் பி. பி. சி., ஒலிபரப்பு வண்டிகளிற் பயன்படுத்த வகுத்த எல். எஸ். 3/5ஏ, தாழ்சுரத்தின் ஆழத்தைத் துறந்து பேச்சின் இயல்பைப் பேணியது.

இவற்றை ஒப்பிடுவோர் இருவகையில் வழுவுதல் கூடும். முதலாவது, சற்றே உரத்து ஒலிப்பதையே சிறந்ததெனச் செவி மயங்கும். ஆதலின் ஒலியளவைச் சமப்படுத்தாத ஒப்பீடு ஒப்பீடாகாது. இரண்டாவது, கூம்பின் விளிம்பும் மின்கொள்ளளவியும் முதுமையால் மாறுவன. ஆதலின் இன்று கேட்கும் குரல் ஆக்கியோன் கருதிய குரலென்று துணிதற்கில்லை. பழமை தந்த மாசினை இனிமையெனப் போற்றுதல் திறனாய்வாகாது. அது பழமைப் பற்றேயாம்.

நாடோறும் கேட்டுப் பழகிய மனிதக் குரலே பொய்யுரையா உரைகல். அதில் உரைத்து நோக்கின், ஆற்றலிற் கிளிப்ஷோர்னும் ஆழத்தில் ஏ. ஆரும் முற்பட்டு நிற்பினும், உண்மையிற் குவாட்டே முந்துகின்றது. தான் இயலாதவற்றை நடியாது விடுத்து, இயன்றதைத் திரிபின்றி உரைத்தலே அதன் பெருமை. ஒலிபெருக்கிக்கு மட்டுமன்றி, திறனாய்வாளனுக்கும் அதுவே அறமாம்.